பின்பக்கத்துக் கிழிசல்

ஷுவைக் கிடங்கின் தகரத்தின் மேல்
ஆகஸ்டு வெயில் நின்று காய்கிறது.
உள்ளே இருபத்தோரு டிகிரி.
எங்களுக்காக அல்ல, படத்துக்காக.

பெட்டிக்குப் பதினாறு திருகு.
செய்யிது இபுறாகிம் ஒவ்வொன்றாய்க் கழற்றித்
தன் தொப்பிக்குள் போட்டுக்கொள்கிறார்.
ஒன்று தொலைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நுரைப்பாளத்தை விலக்கினேன்.
முதலில் வந்தது இருட்டு.
அப்புறம் ஒரு தோள்.

நேப்பிள்ஸ், சுமார் 1640,
வரைந்தவர் பெயர் தெரியாது.
மெழுகுவர்த்தி எங்கேயும் இல்லை,
ஆனாலும் இடமிருந்து ஒரு வெளிச்சம் வந்து
அவள் மேல் முழுக்க விழுந்து
அவனைத் தொடப் போய் நின்றுவிடுகிறது.
சிவப்புத் திரை. கசங்கிய படுக்கை.
அவள் பிடியில் அவன் மேலங்கியின் ஒரு முனை.
அவனுக்கு ஒரு கால் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது,
மற்ற கால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சுங்கத் தாளில் ‘ஓடும் வாலிபன்’ என்று மட்டும் இருந்தது.
பெயரைச் சொன்னால் சிக்கலாம்.
“யோசேப்பு” என்றேன்.
“யூசுபு நபி” என்றார்,
முகத்தை விட்டுவிட்டு
கால்களை மட்டும் பார்த்தபடி.

எங்கள் வேதத்தில் அவளுக்குப் பெயரே இல்லை.
போத்திபாரின் மனைவி, அவ்வளவுதான்,
விசாத் தாளில் எழுதுகிற மாதிரி.
அவர் சொல்வதில் ஜுலைகா.
அதில் சட்டைக்குச் சாட்சி சொல்லத் தெரியும்:
முன்பக்கம் கிழிந்திருந்தால் அவன் பொய்யன்,
பின்பக்கம் என்றால் அவள்.
எங்கள் யோசேப்புக்கு அந்த வசதி கிடையாது.
அங்கி முழுசாய் அவள் கையில்.
அவன் நேராய்ச் சிறைக்கு.

இபுறாகிமின் மச்சான் கலந்தர்
சால்மியாவில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டினான்.
வீட்டம்மா ஏதோ சொன்னாள்.
அவன் ஒன்றுமே சொல்லவில்லை,
மொழி தெரியாததாலோ, தெரிந்ததாலோ.
ஏழு மாதம். பிறகு விரல்ரேகை, விமானம்.
“அவன் சட்டைய யாரும்
திருப்பிப் பாக்கல, தொம்மை.”

நான் படிவத்தை நிரப்பினேன்.
வார்னிஷ், மஞ்சள்.
வெடிப்பு, கழுத்தருகே, மயிரிழை.
வலது கீழ்மூலையில் பூச்சு உதிர்வு, நூறு ஃபில்ஸ் காசளவு.
கரையான் இல்லை.
அவள் முகத்துக்குக் கட்டம் இல்லை.

கோபமா பசியா என்று பிரிக்க வராத அந்த முகத்தை
ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.
ஃபர்வானியா, நாலாம் மாடி, லிஃப்ட் கெட்டுப்போன ராத்திரி.
ரெபெக்காள் என் சட்டைக்கையைப் பிடித்தாள்.
மூன்று வருசம் தனியாய் இருந்த கை.
என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.
ஓடிவிட்டேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
ஓடியது உண்மை.
எத்தனை மணிக்கு என்று சாமியார் கேட்கவில்லை.

“பின்னாலயும் பாக்கணும்” என்றார் இபுறாகிம்.
விதிதான் அது, பதினோராவது கட்டம்.
ஆளுக்கொரு பக்கம் தூக்கி
முகத்தைச் சுவருக்குக் கொடுத்து
முதுகைத் திருப்பினோம்.

பழுப்புத் துணி. பழைய பசையின் வாடை.
ஏதோ ஏலத்தில் ஒட்டிய எண்.
நடுவே, அவன் தோள்பட்டை இருக்க வேண்டிய உயரத்தில்,
ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.
எந்த நூற்றாண்டிலோ யாரோ
துண்டுத்துணி வைத்து ஒட்டியிருந்தார்கள்.

இபுறாகிம் கையுறையைக் கழற்றினார்.
கூடாதுதான். நான் எதுவும் சொல்லவில்லை.
தொடாமல், ஒட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி,
உள்ளங்கையை வெகுநேரம் வைத்திருந்தார்.
“பின்னாலதான்.”
குளிர்சாதனம் ஒருமுறை இருமி
மறுபடி ஓடத் தொடங்கியது.

எழுதினேன்:
கிழிசல், பின்புறம், பழையது.
இனி விரியாது என்று சேர்க்கப் போய்
அடித்துவிட்டேன். அது யாருக்குத் தெரியும்.
பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.
சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.
கீழே மணி கேட்டிருந்தார்கள்.
நாலு இருபது என்று போட்டேன்.